34-ம் 36-ம்



காலாண்டுத் தேர்வு கணக்குல என் பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கு 34. எனக்கு 36. அவன் ஃபெயில், நான் பாஸ். அவனுக்கு சாயங்காலம் சிறப்பு வகுப்பு. நான் பெல் அடிச்சதும் சைக்கிளை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? அப்போ பின்னத்தைக் கூட்டச் சொன்னா அவனும் முழிப்பான், நானும் முழிப்பேன். இப்போ அவன் கத்துக்கிட்டான். நான் இன்னும் முழிக்கிறேன்.

இந்த 35 என்ன கல்வெட்டுல வெட்டினதா? கர்நாடகத்திலும் பத்தாம் வகுப்புக்கு 35 சதவீதம்தான் இருந்தது. 2025-ல் அதை மாற்றி, மொத்தம் 625-க்கு 206 (அதாவது 33 சதவீதம்), ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 30 சதவீதம் எடுத்தால் போதும் என்று அறிவித்தார்கள். என் நண்பன் ஓசூரைத் தாண்டி அந்தப் பக்கம் பிறந்திருந்து, பொதுத்தேர்வுல இதே 34 எடுத்திருந்தா, கணக்குல பாஸ்! நான் கிண்டல் பண்ணலை. ஒண்ணு ரெண்டு மார்க்குல போய், அதோட படிப்பையே விட்டவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. அவங்களுக்கு அந்த ரெண்டு மார்க் பெரிய விஷயம். ஆனா கோட்டை இறக்கினதால பின்னம் வந்துடுமா?

ஏத்தினா மட்டும் வந்துடுமா? அமெரிக்காவில் நியூயார்க் மாநிலக் கதையைக் கேளுங்கள். அங்கே 3 முதல் 8-ம் வகுப்பு வரை மாநிலத் தேர்வு உண்டு. 2009-ல் கணக்கில் நூற்றுக்கு 86 பேர் தகுதி பெற்றார்கள். கோடு ரொம்பத் தாழ்ந்து கிடக்கு என்று மாநில அதிகாரிகளே ஒத்துக்கொண்டு 2010-ல் உயர்த்தினார்கள். உடனே 61 ஆனது. 2013-ல் தேர்வையே கடினமாக மாற்றினார்கள். 31! நாலு வருஷத்துல அந்த ஊர்ப் பிள்ளைங்க மூளை சுருங்கிப் போச்சா என்ன?

கேரளாவில் செய்தது எனக்குக் கொஞ்சம் பிடிச்சிருக்கு. 2024-25 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வுக்கு, பாடத்துக்குப் பாடம் குறைந்தது 30 சதவீதம் என்று கோடு போட்டார்கள். எடுக்காதவர்களுக்கு 2025 ஏப்ரலில் அந்தப் பாடத்துக்கு மட்டும் தனி வகுப்பு வைத்து, மறுதேர்வும் நடத்தினார்கள். கோடு போட்டதோடு விடாம வகுப்பும் எடுத்தாங்க பாருங்க, அதைச் சொல்றேன். (அங்கேயும் 31 எடுத்தவன் என்னை மாதிரி சைக்கிளை எடுத்திருப்பான்!)

கோடே வேண்டாம்னு நான் சொல்லலை. பொதுத்தேர்வுன்னா எங்கேயோ ஒரு இடத்துல கோடு போட்டுத்தான் ஆகணும். ஆனா யாருக்கு எந்தப் பாடம் திரும்ப நடத்தணும்ங்கிறதையும் அந்தக் கோட்டை வெச்சே முடிவு பண்ணணுமா? 34-க்கும் 36-க்கும் நடுவுல இருந்தது ஒரு ரெண்டு மார்க் கேள்வி. அதுவும் நான் குத்துமதிப்பா எழுதினது!

அதனால ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரையாண்டு முடிஞ்சு சிறப்பு வகுப்புப் பட்டியல் எழுதும்போது மார்க் லிஸ்ட்டை மட்டும் பார்க்காதீங்க ஐயா. விடைத்தாளையும் பாருங்க. பின்னம் வராதவங்க ஒரு பக்கம், சமன்பாடு வராதவங்க ஒரு பக்கம்னு பிரிச்சு உட்கார வையுங்க. பின்னம் பக்கத்துல என் பேரையும் எழுதிக்குங்க. நான் கொஞ்சம் லேட்டாவே வீட்டுக்குப் போறேன்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்