பல்கணுக் கணினிகளில் நினைவகப் பங்கீடு: பாராமுகமும் ஒரு கொள்கையே

பரந்தனிலோ முரசுமோட்டையிலோ வயல் செய்யும் கமக்காரர் ஒருவரிடம், "இரணைமடுவில் நீர் நிறைந்திருக்கிறது, ஆதலால் உமது வயலுக்கும் நீர் உண்டு" என்று எவரேனும் கூறின், அவர் அதனை ஏற்கமாட்டார். குளத்தில் நீர் இருத்தல் வேறு, வாய்க்கால்வழி அது வயலை அடைதல் வேறு என்பதை அவர் அறிவார். துருசுக்கு அண்மையிலுள்ள வயலும் வாய்க்காலின் கடைக்கோடியிலுள்ள வயலும் ஒரே குளத்து நீரையே நம்பியிருப்பினும், அவற்றின் நிலை ஒன்றன்று. இவ்வெளிய உண்மையை, எமது பல்கலைக்கழகங்களிற் கணினி விஞ்ஞானம் பயின்று வெளியேறுவோரிற் பலர் தம் இயந்திரங்களைப் பொறுத்தவரை உணராதிருக்கின்றனர். சேவையகமொன்றில் 128 கிகாபைற் நினைவகம் உண்டெனின், அதன் ஒவ்வொரு பைற்றும் ஒவ்வொரு செயலிக்கும் சமதூரத்தில் உள்ளதென்றே அவர்கள் கருதுகின்றனர். இக்கருத்துத் தவறானது, எம்மைப் போன்ற பொருள்வளங் குறைந்த நிறுவனங்களுக்குப் பெருஞ்செலவையும் விளைப்பது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமதூரம் என்னும் மயக்கம்

இம்மயக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஒருகாலத்திற் சிறிய பல்செயலி இயந்திரங்களில் எல்லாச் செயலிகளும் ஒரே பொதுப்பாதையின் வழியாக ஒரே நினைவகத்தை அணுகின. ஆங்குச் சமதூரம் மெய்யாகவே நிலவிற்று. ஆனால் செயலிகளின் தொகை பெருகப் பெருக அப்பொதுப்பாதை நெருக்கடியுற்றது. ஒவ்வொரு செயலித் தொகுதிக்கும் அதனதன் நினைவகத்தை அருகே வைத்து, அத்தொகுதிகளை இணைப்புகளாற் பிணைப்பதே இதற்குக் கண்ட தீர்வு. இவ்வாறு பிணைக்கப்பட்ட ஒவ்வொரு தொகுதியும் கணு எனப்படும். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் 'டாஷ்' ஆய்வு இயந்திரமும், 1996இல் வெளிவந்த சிலிக்கன் கிரபிக்ஸ் நிறுவனத்தின் 'ஒரிஜின் 2000' இயந்திரமும் இவ்வமைப்பின. அன்று இவை பெரிய ஆய்வுகூடங்களுக்கே உரியனவாயிருந்தன. 2003இல் ஏ.எம்.டி. நிறுவனம் தன் ஒப்ரறொன் செயலியினுள்ளேயே நினைவகக் கட்டுப்படுத்தியை அமைத்தது. 2008இல் இன்ரெல் நிறுவனம் நெஹேலம் வடிவமைப்பின் மூலம் அதனைப் பின்பற்றியது. அன்று தொட்டு, இரு செயலிகள் பொருத்திய சாதாரண சேவையகம் ஒவ்வொன்றும் பல்கணுக் கணினியே. 'நியூமா' எனப்படும் சீரற்ற நினைவக அணுகல் எம் ஆய்வுகூட மேசைக்கே வந்துவிட்டது. எம் சிந்தனையோ பழைய பொதுப்பாதையிலேயே நிற்கின்றது.

இயந்திரமே தன் சமனின்மையை மறைப்பதில்லை. கணுக்களிடையேயுள்ள தூரத்தை ஓர் அட்டவணையாக அது பணிசெயல் முறைமைக்கு அறிவிக்கின்றது. தன் கணுவுக்குரிய எண் 10. அயற்கணுவுக்குப் பெரும்பாலும் 20 அல்லது 21. இவை ஒப்பீட்டு எண்களேயன்றித் துல்லியமான கால அளவுகள் அல்ல. தூரத்தினும் கொடிது நெருக்கடி. ஒவ்வொரு கணுவின் கட்டுப்படுத்திக்கும், கணுக்களை இணைக்கும் பாதைக்கும் கொள்ளளவு உண்டு. எல்லாச் செயலிகளும் ஒரு கணுவின் நினைவகத்தையே நாடுமாயின், அங்கே வரிசை நீளும். மற்றைக் கணுவின் கட்டுப்படுத்தியோ வாளாவிருக்கும்.

முதலில் தொட்டவருக்கே உரிமை

லினக்ஸ் முறைமையில் ஒரு செய்நிரல் நினைவகம் கேட்கும்பொழுது அதற்குக் கிடைப்பது முகவரி மட்டுமே. காணி உறுதி கையில் இருக்கின்றது, காணி இன்னும் அளந்து கொடுக்கப்படவில்லை என்பது போன்ற நிலை அது. ஒரு பக்கம் முதன்முதலாகத் தொடப்படும் கணத்திலேயே மெய்யான நினைவகம் ஒதுக்கப்படுகின்றது. அதுவும், தொட்ட செயலி எக்கணுவில் உள்ளதோ அக்கணுவிலிருந்து. அங்கு இடமில்லையாயின், எவ்வித அறிவித்தலுமின்றி அயற்கணுவிலிருந்து ஒதுக்கப்படும்.

இவ்வியல்பு முறை பெரும்பாலான சிறு செய்நிரல்களுக்கு நன்மையே செய்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் பின்வரும் நிலையை நோக்குக. இரு கணுக்களும் கணுவுக்கு 64 கிகாபைற்றும் கொண்ட சேவையகத்தில் ஒரு மாணவர் 40 கிகாபைற் அணியொன்றைக் கையாள்கின்றார். அணி முழுவதையும் பூச்சியத்தால் நிரப்பும் வேலையை ஓர் இழை செய்கின்றது. பின்னர் இரு கணுக்களிலுமுள்ள 32 இழைகள் கணிப்பில் இறங்குகின்றன. நிரப்பிய இழை முதலாங் கணுவில் இருந்தமையால் அணி முழுவதும் அங்கேயே தங்கிவிடும். எஞ்சிய கணுவின் 16 இழைகளும் ஒவ்வோர் எண்ணையும் அயலிலிருந்து பெறவேண்டும். முதலாங் கணுவின் கட்டுப்படுத்தி மூச்சுத் திணறும். செய்நிரலிற் பிழையில்லை, விடையும் சரியானதே. ஆதலால் எவரும் ஐயுறுவதில்லை. "இயந்திரம் போதாது" என்ற முடிபே எழுகின்றது. புதிய இயந்திரத்துக்கான விண்ணப்பமும் எழுதப்படுகின்றது. அவ்வணியை 32 இழைகளும் தத்தம் பகுதியைத் தாமே நிரப்புமாறு ஒரு வரியை மாற்றியிருப்பின், அவ்விண்ணப்பமே வேண்டியதில்லாதிருந்திருக்கலாம்.

கைக்கெட்டிய கருவிகள்

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 2004ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் 2.6 வரிசையில், ஒரு செய்நிரல் தன் நினைவகக் கொள்கையைத் தானே வகுக்க வழி உண்டு. அன்டி கிளீன் என்பாரின் முயற்சியில் உருவான 'நியூமாசீரீஎல்' கட்டளை, செய்நிரலைத் திருத்தாமலே அதற்குக் கொள்கை விதிக்கின்றது. குறித்த கணுக்களுக்குள் மட்டும் ஒதுக்கும் கட்டுறுத்தல், ஒரு கணுவை முதலில் நாடி இயலாவிடிற் பிறவற்றுக்குச் செல்லும் விருப்பமுறை, பக்கங்களைக் கணுக்களிடையே மாறிமாறி இடும் பரப்பல், இயங்கும் கணுவிலேயே ஒதுக்கும் அண்மைமுறை என்பன அதன் முதன்மையான வகைகள். கொள்கை இனி ஒதுக்கப்படும் பக்கங்களையே ஆளும். ஏலவே இடப்பட்டவற்றைத் தானாக நகர்த்தாது. ஆகவே காலம் தாழ்த்திய கொள்கை, வெள்ளம் வடிந்தபின் கட்டிய அணையையே ஒக்கும்.

மறுப்புரைகளும் விடைகளும்

"இவையெல்லாம் முறைமையின் வேலை, செய்நிரலாளர் ஏன் கவலைப்படவேண்டும்?" என்பது முதலாவது மறுப்பு. இதற்கு விடை நிகழ்ந்த வரலாற்றிலேயே உள்ளது. பெரிய தரவுத்தளச் சேவையகங்களில் நினைவகம் போதியளவு எஞ்சியிருக்கவும், தரவுத்தளத்தின் பக்கங்கள் வட்டுக்கு வெளியேற்றப்பட்டு வேலை தடுமாறும் நிலை பலரையும் மருட்டிற்று. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இதன் காரணத்தை 2010இல் ஜெரமி கோல் விளக்கினார். தரவுத்தளத்தின் பெருஞ்சேமிப்பு ஒரு கணுவை முழுமையாக நிரப்பிவிட, அக்கணுவில் மேலும் இடம் வேண்டப்படும்பொழுது, மற்றைக் கணுவில் வெற்றிடம் இருப்பவும் முறைமை இங்குள்ளதை வெளியேற்றியது. பக்கங்களை இரு கணுக்களிலும் பரப்புவதே அவர் காட்டிய பரிகாரம். 2015இல் மைஎஸ்கியூஎல் தானே அதற்கொரு தெரிவை அளித்தது.

இன்னொன்று. தன் கணுவில் இடமில்லாதபொழுது அயலை நாடாது உள்ளதையே துடைத்து இடமெடுக்கும் வழக்கம், கணுக்களின் தூர எண் ஒரு வரம்பைக் கடந்த இயந்திரங்களில் லினக்ஸில் தானாகவே நடைபெற்றுவந்தது. 2014இல் அது இயல்பாக இயங்காதவாறு நிறுத்தப்பட்டது. முந்திய நாள் இயல்பாயிருந்தது மறுநாள் இயல்பல்லாதாயிற்று. நாம் இயல்பு என்று பணிந்தது, யாரோ சிலர் தாம் கண்ட வேலைகளை மனத்திற்கொண்டு எடுத்த முடிபேயன்றி இயற்கை விதியன்று. எம் வேலை அவர்கள் கண்ட வேலையாக இருக்கவேண்டுமென்ற நியதி இல்லை.

2013 முதல் லினக்ஸ், எப்பக்கத்தை எக்கணு மிகுதியாக நாடுகின்றதென உளவறிந்து பக்கங்களைத் தானே நகர்த்தவும் கற்றுள்ளது. இதுவும் முழு விடையாகாது. உளவறிதலுக்கே செலவுண்டு, குறுகிய காலமே இயங்கும் செய்நிரல், முறைமை கற்றறியுமுன் முடிந்துவிடும், எல்லாக் கணுக்களும் சமமாக நாடும் பக்கத்துக்கோ நகர்ந்து செல்லத் தக்க இடமென ஒன்றில்லை.

இரண்டாவது சாரார் இதற்கு நேர்மாறானவர். எங்கோ கண்ட ஒரு கட்டளையை எல்லாச் சேவையகத்துக்கும் மருந்தாக இடுவோர் இவர். கண்டபடி கட்டுறுத்தினால், குறித்த கணு நிரம்பியதும் அயலில் இடமிருக்கவே செய்நிரல் கொல்லப்படலாம். கண்டபடி பரப்பினால், ஒரே கணுவில் அமைதியாக வாழ்ந்திருக்கக்கூடிய சிறு செய்நிரலின் அணுகல்களிற் பாதியை அயலுக்கு அனுப்பியவராவோம். சமபங்கும் எங்கும் நீதியன்று. கொள்ளளவு வேறுபட்ட நினைவகங்கள் ஒரே இயந்திரத்தில் இடம்பெறத் தொடங்கியதனாலேயே, 2024இல் லினக்ஸ் 6.9 பதிப்பு நிறையிட்ட பரப்பலை ஏற்கவேண்டியதாயிற்று. பாராமுகமும் குருட்டு மருத்துவமும் அளந்தறிய மறுக்கும் ஒரே நோயின் இரு முகங்களே.

முடிவு எவர் கையில்?

இங்கே தொழினுட்பம் கடந்த வினா ஒன்று எழுகின்றது. பலர் பகிரும் சேவையகத்தில், எச்செய்நிரல் எக்கணுக்களைப் பயன்படுத்தலாம் என்பதை நிருவாகி வரையறுக்கலாம். செய்நிரல் வகுக்கும் கொள்கை அவ்வரம்பினுள்ளேயே செல்லும். நிருவாகி ஒன்றும் வகுக்காதவிடத்து முந்தியவர் ஆட்சியே நடக்கும். இரவில் ஒருவர் பெருங்கோப்புகளைப் படித்து ஒரு கணுவைக் கோப்புப் பிரதிகளால் நிரப்பிவிட்டால், காலையில் அக்கணுவில் வேலை தொடங்குபவரின் பக்கங்கள் அயலுக்கு வழியலாம். அவர் காண்பதெல்லாம் நேற்று விரைந்த கணிப்பு இன்று தளர்வதையே.

எம் மண் இதனினும் நல்ல முறையை அறிந்தது. சிறுபோகத்துக்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. இரணைமடுவின் நீர்மட்டம் முன்வைக்கப்படுகின்றது. எத்தனை ஏக்கர், எந்நாளில் நீர் திறப்பு என்பன கமக்காரர் முன்னிலையில் முடிவாகின்றன. அந்நீரை யாழ்ப்பாணக் குடிநீருக்குக் கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தபொழுது, தம் பயிர்ச்செய்கைக்கு நீர் குறையுமென அஞ்சிக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தமையும் நினைவுகூரத்தக்கது. அவ்வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்பது ஈண்டு ஆய்வுக்குரியதன்று. பங்கீடு பேசித் தீர்க்கவேண்டிய பொருள் என்பதில் இரு சாராருக்கும் ஐயமிருக்கவில்லை என்பதே நோக்கற்பாலது. உவமையை எல்லைமீறி இழுத்தலும் ஆகாது: பாய்ந்த நீர் மீளாது, நினைவகமோ வேலை முடிந்ததும் மீளும். எனினும் இழந்த கணிப்புக் காலம் நீரைப் போன்றே மீள்வதில்லை.

செய்யத்தக்கவை

ஆகவே நாம் வேண்டுவன சில. பணிசெயல் முறைமைப் பாடத்தில் நினைவகத்தைச் சமதூர வெளியாகக் கற்பிப்பதோடு நிறுத்தலாகாது. பல்கணு அமைப்பும் கொள்கையும் செய்முறைப் பயிற்சியாக இடம்பெறல் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அமைந்துள்ள இக்காலத்தில், இத்தகைய பயிற்சி கொழும்புக்கோ கடல் கடந்தோ செல்வோர்க்கு மட்டும் உரியதாயிருக்கத் தேவையில்லை. இருசெயலிப் பழைய சேவையகம் ஒன்றே அதற்குப் போதும். பொதுச் சேவையகம் ஒவ்வொன்றும் தன் பங்கீட்டுக் கொள்கையைப் பயனர் அறிய எழுதிவைத்தல் வேண்டும். கணிப்பு வேகத்தை முடிவாகக் கூறும் ஆய்வேடு, எக்கொள்கையின் கீழ் அவ்வேகம் பெறப்பட்டது என்பதையும் கூறல் வேண்டும். கூறாத வேகம் மீளச் சோதிக்க இயலாத வேகம். புதிய இயந்திரம் கோருமுன், உள்ள இயந்திரத்தின் பக்கங்கள் எக்கணுவில் உறைகின்றன என்பதை 'நியூமாஸ்ராற்' போன்ற இலவசக் கருவிகளால் அளந்து காட்டல் வேண்டும்.

கொள்கை வகுக்காதிருப்போர் தாம் நடுநிலை வகிப்பதாக எண்ணற்க. வகுக்கப்படாத இடத்திலும் பங்கீடு நடந்தே தீரும். எம்மை அறியாதார் எமக்காக வகுத்ததே ஆங்கு ஆட்சி செய்யும். அளந்தறிந்து தாமே முடிவெடுக்கும் மாணவரை உருவாக்குவது பல்கலைக்கழகத்தின் கடன். அக்கடனை இயந்திர விற்பனையாளரின் விலைப்பட்டியல் தீர்த்துவைக்காது.