தேதி போட்டா போதுமாய்யா?

எங்கப்பா நெய்வேலி சுரங்கத்துல ராத்திரி ஷிப்ட் பாத்தவர். டைரில தேதிய மட்டும் எழுத மாட்டார், எந்த ஷிப்ட்னும் சேத்துத்தான் எழுதுவார். பன்னெண்டு மணிக்கு மேல நடந்தது நேத்தைய கணக்கா, இன்னைய கணக்கான்னு சண்டை வராது பாருங்க. அந்த அளவு புத்தி கூட பொட்டி தட்டுற நமக்கு இல்லைங்கறதுதான் என் கடுப்பு.

மேட்டர் இதான். கன்ட்ரோலர் போர்டுக்கு ஃபர்ம்வேர் எழுதுற நம்மாளுங்க, வெர்ஷன் நம்பருக்குப் பதிலா சி மொழியோட டேட், டைம் மேக்ரோ ரெண்டையும் சொருகிட்டு "ஆணி புடுங்கியாச்சு"ன்னு கிளம்பிடறாங்க. அந்த மேக்ரோ சொல்றது கம்பைல் பண்ண மெஷினோட லோக்கல் நேரம். எந்த டைம்ஸோன்னு ஒரு எழுத்து இருக்காது. சர்வர் யுடிசில ஓடும், நம்ம டேபிள் மெஷின் அஞ்சரை மணி நேரம் முன்னால ஓடும். ராத்திரி மூணு மணிக்கு பில்ட் போட்டா தேதியே வேற!

இதாவது பரவால்ல. முன்னாடி நான் வேலை பாத்த ஒரு கம்பெனில (பேர் வேணாம்) ஒரே சோர்ஸ்னு சொன்ன ரெண்டு பெட்டி, செக்சம் வேற வேற. நாலு நாள் மண்டைய ஒடச்சு பாத்தா வித்தியாசம் அந்த டைம் ஸ்ட்ரிங் மட்டும்தான். அடுத்த மாசம் அதுக்கு நேர் எதிர். மோட்டாரை நிறுத்துற லாஜிக்கையே மாத்தியிருந்தோம், ஸ்க்ரீன்ல பழைய தேதி. ஏன்னா தேதி இருக்கற ஃபைலை யாரும் தொடலை, மேக் அதை திரும்ப கம்பைலே பண்ணலை. சைட்டுக்குப் போன பையன் தேதியப் பாத்துட்டு "பழசுதான் சார் ஓடுது"ன்னு மறுபடி ஃப்ளாஷ் பண்ணிட்டு இருந்தான். ஓடுற பெல்ட் பக்கத்துல நின்னுக்கிட்டு! அன்னிக்கு பெல்ட் நிக்காம போயிருந்தா யாரு பொறுப்பு?

"டீபக் பண்ண தேதி வேணும்ல?"ம்பாங்க. வேணும்யா, யாரு வேணாம்னா? கமிட் ஐடியப் போடு, அந்த கமிட்டோட நேரத்தப் போடு. அது எந்த ஊர்ல, எத்தனை தடவை பில்ட் பண்ணாலும் மாறாது. சோர்ஸ் டேட் எபோக்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள், ரீப்ரொட்யூசிபிள் பில்ட்ஸ் ஆளுங்க 2015லயே கொண்டு வந்தது. கமிட் நேரத்த அதுல குடுத்தா, 2017ல வந்த ஜிசிசி 7லேர்ந்து அந்த ரெண்டு மேக்ரோவும் அதையே எடுத்துக்கும், அதுவும் யுடிசில. பழைய கம்பைலர்னு அழறவங்களுக்கு, ஜிசிசி 4.9லயே டேட்-டைம் வார்னிங் இருக்கு. அதை எரராக்கிட்டா மேக்ரோ எங்க ஒளிஞ்சிருந்தாலும் பில்ட் நின்னுடும். மேக்ஃபைல்ல ரெண்டு வரி வேலை :-)

இதை அப்பவே மீட்டிங்ல சொன்னேன். "கஸ்டமருக்கு ஸ்க்ரீன்ல இன்னைய தேதி தெரிஞ்சாதான் புதுசுன்னு நம்புவான்"னு பதில் வந்துச்சு. அப்பாகிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் சிரிச்சார்.