தூரிகை ஏன் உறங்குகின்றது?

புதிதாக ஒரு பொழுதுபோக்கைக் கைக்கொண்டவரிடம் முதல் மாதத்திலே காணப்படும் ஊக்கத்துக்கு எல்லை கிடையாது. அம்மா சோற்றுக்கு அழைத்தாலும் காது கேளாது; விளக்கை அணைக்கும்படி அப்பா அதட்டினாலும் கை ஓயாது. ஆறு மாதங்கள் கழிந்ததும் பார்த்தால், அதே பெட்டி கட்டிலின் கீழே தூசி படிந்து கிடக்கும். "ஏன் தம்பி, இப்பொழுது அதைத் தொடுவதில்லையே?" என்று கேட்டால், "மனம் வருகுதில்லை" என்ற ஒரு சொல்லே விடையாகக் கிடைக்கும்.

இந்த 'மனம் வராமை'க்கு மருந்து உண்டா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம். எல்லாப் பொழுதுபோக்குகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசினால் பேச்சு நீர்த்துப் போகும். ஆகையால், இன்று உலகின் பல நாடுகளிலே மாணவரும் முதியோரும் ஒருங்கே ஈடுபட்டிருக்கும் ஒரு கலையை, அதாவது சின்னஞ்சிறு உருவங்களுக்கு வர்ணம் தீட்டும் கலையை, உதாரணமாகக் கொள்வோம். அதைப்பற்றிச் சொல்வன தபால்தலை சேகரிப்போருக்கும் வயலின் பழகுவோருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இக்கலையின் வரலாறு சுவையானது. 19ஆம் நூற்றாண்டிலே ஜெர்மனியின் நூரன்பேர்க் நகரத்தில், ஏர்ண்ஸ்ட் ஹைன்றிக்ஸன் என்பவரின் பட்டறை தகடுபோல் மெல்லிய ஈயச் சிப்பாய்களைச் செய்து நாடெங்கும் அனுப்பியது. அவற்றின் உயரம் சுமார் 30 மில்லிமீற்றர். இங்கிலாந்திலே வில்லியம் பிரிட்டனின் குடும்ப நிறுவனம் 1893இல் உள்ளே வெறுமையான ஈயச் சிப்பாய்களை வார்க்கும் முறையைக் கண்டது. இவை சுமார் 54 மில்லிமீற்றர் உயரமானவை. 1913இலே ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், 'சிறிய போர்கள்' என்று பொருள்படும் பெயரில் ஒரு நூல் எழுதி, இச்சிப்பாய்களைக் கொண்டு வளர்ந்தோரும் விளையாடுவதற்கு விதிகளை வகுத்தார். இன்று பிளாஸ்டிக்காலும் பிசினாலும், முப்பரிமாண அச்சு இயந்திரத்தாலும் உருவங்கள் செய்யப்படுகின்றன. வீரர், வேதாளம், பறவைநாகம், பாட்டாளி என்று எத்தனையோ வகை. பெரும்பாலானவற்றின் உயரம் சுமார் 28 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு விரற்கணுவின் அளவு. அந்த விரற்கணுவளவிலே கண்ணும் புருவமும், வாரும் பொத்தானும் தெரியும்படி வர்ணம் தீட்ட வேண்டும்.

இத்தகைய இன்பமான வேலையிலே மனம் சலிப்பதற்குக் காரணம் என்ன? சோம்பல் என்று பெற்றோர் சொல்லுவர். திறமை இல்லை என்று பிள்ளை சொல்லும். பெரும்பாலும் இரண்டுமே சரியல்ல. உண்மையான காரணங்கள் மேசையின் மேலேயே கிடக்கின்றன.

முதலாவது காரணம், குவியல். ஒன்றை முடிக்கு முன்னே பத்தை வாங்குவது இப்பொழுதுபோக்கினரின் இயல்பு. வர்ணம் காணாத உருவங்கள் பெட்டி பெட்டியாகச் சேர்ந்துவிடுகின்றன. ஆங்கில நாட்டு அன்பர்கள் இதற்கு 'வெட்கக் குவியல்' என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருக்கின்றனர். வேடிக்கையிலும் உண்மை இருக்கின்றது. ஒரு சிப்பாயைத் தீட்ட உட்காருபவனின் கண்முன்னே அறுபது சிப்பாய்கள் நின்று, "எங்கள் முறை எப்போது?" என்று கேட்டால், கடன்காரனைக் கண்டவன்போல அவன் மனம் ஒளிந்துகொள்ளாமல் என்ன செய்யும்? விளையாட்டாகத் தொடங்கியது கடனாக மாறிவிட்டது. கடனை விரும்பிச் செய்வார் யார்?

இரண்டாவது காரணம், ஒப்பீடு. கைத்தொலைபேசியைத் திறந்தால் உலகத்தின் தலைசிறந்த கைவினைஞரின் வேலைகள் வரிசையாக வருகின்றன. 1987இலே இங்கிலாந்தில் ஆரம்பித்த 'பொற்பேய்' என்னும் போட்டியைப் போன்றவற்றிலே பரிசு பெறுவோர், ஒரே உருவத்தின்மீது பல பத்து மணித்தியாலங்களைச் செலவிடுகின்றனர். அவ்வேலையைக் கண்டு மகிழலாம், கற்றுக்கொள்ளலாம். ஆனால் பாடங்களுக்கிடையே அரைமணி நேரம் கிடைத்த மாணவன் தன் வேலையை அதனருகே வைத்து மனம் உடைவது, நேற்று நீந்தப் பழகியவன் பாக்கு நீரிணையைக் கடந்தவனைப் பார்த்து அழுவதை ஒக்கும். மேலும் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 28 மில்லிமீற்றர் உருவத்தைப் படமெடுத்துத் திரையிலே 140 மில்லிமீற்றர் உயரத்தில் பார்க்கும்போது, அது ஐந்து மடங்கு பெருத்துவிடுகின்றது. குற்றமும் ஐந்து மடங்கு பெருக்கின்றது. இவ்வுருவங்களோ மேசைமீது நின்று, கைநீட்டும் தூரத்திலிருந்து பார்க்கப்படுவதற்கென்றே பிறந்தவை. அத்தூரத்திலே அழகாயிருந்தால் அது அழகான வேலைதான்.

மூன்றாவது காரணத்தைப் பலர் நினைப்பதேயில்லை. அது கருவிகளின் கேடு. நுனி பிளந்த தூரிகையினாலே கண்மணி வைக்க முயல்பவன், தன் கை கெட்டுவிட்டது என்று எண்ணிக்கொள்கின்றான். அக்ரிலிக் வர்ணம் நம்முடைய வெப்பத்திலே தட்டில் இட்ட சில நிமிடங்களுள் காய்ந்து பிசுபிசுக்கும். அதைத் தீட்டினால் தடித்த பூச்சு நுண்ணிய செதுக்கல்களை மூடிவிடும். மாரிகாலத்து ஈரக்காற்றிலே தெளிப்பு டின்னால் அடிப்பூச்சு இட்டால் மேற்பரப்பு மணல்போலச் சொரசொரக்கும். இவற்றால் வரும் எரிச்சல் நாளடைவில் கலையின்மீதே வெறுப்பாகத் திரும்புகின்றது. சலித்தது மனமன்று, தூரிகையே என்பதை அறிந்தால் பாதி நோய் தீர்ந்தது.

இனி மருந்துக்கு வருவோம். மனம் வரட்டும், பின்னர் தொடங்குவோம் என்று காத்திருப்பதே நாம் செய்யும் பெரும் பிழை. மனம் முன்னே போகக் கை பின்னே போகும் என்று எண்ணுகின்றோம். தொடக்கத்திலே அது மெய்யாயிருக்கலாம். ஒருமுறை ஊக்கம் போனபின்போ கைதான் முன்னே போகவேண்டும், மனம் பின்னே வரும்.

இதற்கு வின்ஸ்டன் சேர்ச்சிலின் வாழ்க்கையிலே ஒரு நல்ல சான்று உண்டு. சிறுவனாயிருந்தபோது சுமார் 1500 பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து விளையாடியவர் அவர். 1915இலே, டார்டனெல்ஸ் போர்முயற்சி தோல்வியுற்றதன் பயனாகக் கடற்படை அமைச்சர் பதவியை இழந்து, 40 வயதிலே மனம் நொந்திருந்த காலத்தில் வர்ணமும் திரைச்சீலையும் வாங்கினார். வாங்கியாயிற்று; ஆனால் வெள்ளைச் சீலையின் முன்னே கை எழவில்லை. வெகு நேரம் தயங்கிச் சிறு தூரிகையால் அவரைவிதையளவு நீலப்புள்ளி ஒன்றை வைத்து, மேலே செல்ல அஞ்சி நின்றார். அவ்வேளை ஓவியர் ஜோன் லேவரியின் மனைவியார் அங்கே வந்தார். தயக்கத்தைக் கண்டதும் பெரிய தூரிகையை வாங்கி, வர்ணத்திலே தோய்த்து, அஞ்சி நின்ற சீலையின்மீது நாலைந்து வீச்சு வீசிவிட்டார். சீலை திருப்பி அடிக்கவில்லை! அத்தோடு சேர்ச்சிலின் பயம் பறந்தது. பின்னர் வாழ்நாளிலே அவர் தீட்டிய ஓவியங்கள் 500க்கும் மேற்பட்டவை. அந்த அம்மையார் அவருக்கு ஊக்கம் தரும் உபதேசம் எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தைச் செய்து காட்டினார். ஊக்கம் தானாக வந்து சேர்ந்தது.

ஆகையால், மாணவ நண்பர்களே, முதலிலே குவியலைக் கண்ணுக்கு மறையுங்கள். பெட்டிகளை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, ஒரே ஓர் உருவத்தை மாத்திரம் மேசையில் வையுங்கள். படையின் அடுத்த சிப்பாய் யார் என்று பார்த்து எடுக்க வேண்டாம். பார்த்தவுடன் உங்களைப் புன்னகைக்கச் செய்வது எதுவோ அதை எடுங்கள்.

இரண்டாவதாக, நாளுக்குக் கால் மணித்தியாலம் என்று வரையறை செய்யுங்கள். இன்று காலணி மட்டும், நாளை வார் மட்டும். கால் மணித்தியாலம் கழிந்ததும் விருப்பமிருந்தால் தொடரலாம், இல்லாவிடில் எழுந்துவிடலாம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். விரற்கணுவளவு சிப்பாய் நகரமாட்டானா?

மூன்றாவதாக, தொடங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலைகளைக் குறையுங்கள். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியாரைத் தீட்டிய நிக்கலஸ் ஹில்லியார்ட் (1547 – 1619) உள்ளங்கையில் அடங்கும் சிற்றோவியங்களில் மேதை. சீட்டாட்டச் சீட்டின்மீது ஒட்டிய மெல்லிய தோலிலே அவர் தீட்டினார். தோல்நிறத்தின் பல சாயல்களிலே அடிப்பூச்சு இட்ட அட்டைகளை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பது அவ்வகை ஓவியரின் வழக்கம். ஆள் வந்து அமர்ந்ததும், அவர் நிறத்துக்கு ஏற்ற அட்டையை எடுத்து உடனே வேலை தொடங்கும். நாமும் அவ்வாறே செய்யலாம். ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமையிலே நாலைந்து உருவங்களுக்கு அடிப்பூச்சு இட்டு வையுங்கள். மழைநாளானால் தெளிப்பு டின்னை விட்டுத் தூரிகையாலேயே இடுங்கள். மூடியுள்ள ஆழமற்ற பாத்திரமொன்றில் நனைத்த கடற்பஞ்சை வைத்து, கேக் வேகவைக்கும் தட்டிலே விரிக்கும் கடதாசியை அதன்மேல் பரப்பி, அதிலே வர்ணத்தை இட்டால், அது மணிக்கணக்காகக் காயாமல் இருக்கும். தூரிகையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நுனியைக் கூராக்கிப் படுக்கவைத்து உலர்த்துங்கள். நீர்க் கோப்பையிலே தலைகீழாக நிற்கவிடாதீர்கள்.

நான்காவதாக, முடித்துப் பழகுங்கள். தண்ணீர் கலந்த வர்ணத்தால் மெல்லிய இரண்டு பூச்சு; அதன்மேல் நீர்த்த கருந்தவிட்டு நிறம், அது தானே ஓடிப் பள்ளங்களில் தங்கி நிழலாகும்; காய்ந்தபின் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு மேடுகளை வருடினால் ஒளி பிறக்கும். இம்மூன்று படிகளே போதும். குறையோடு முடிந்த ஓர் உருவம் தரும் தெம்பை, குறையின்றித் தொடங்கி இடையிலே நிற்கும் பத்து உருவங்கள் தரமாட்டா.

ஐந்தாவதாக, துணை தேடுங்கள். வேலையின்போது அமைதியான பேச்சும் வாசிப்பும் இசையும் நேரத்தைச் சுருக்கி உள்ளத்தை உயிர்ப்பிக்கும் என்று ஹில்லியார்ட் தமது நூலில் 1600ஆம் ஆண்டளவிலேயே குறித்திருக்கின்றார். ஒருவர் வர்ணம் தீட்ட, தங்கை பக்கத்திலிருந்து கதை வாசிக்கலாம். நண்பர் இருவர் ஒரே மேசையில் அமரலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "இவ்வளவு காசு கொடுத்து வாங்கிவிட்டுச் சும்மா போட்டிருக்கிறாயே" என்று இடித்துரைப்பது, பிள்ளையின் குவியலிலே மேலும் ஒரு கல்லை ஏற்றுவதாகும். காலையிலே பாடசாலை, மாலையிலே ரியூஷன், எங்கும் புள்ளி, எதிலும் தரவரிசை என்று ஓடும் பிள்ளைக்கு, எவரும் புள்ளி போடாத இடமாக இருப்பது இந்தச் சிறு மேசை ஒன்றே. அவ்விடத்திலும் கணக்குக் கேட்டால், ஒரு காரியத்தை அதன் இன்பத்துக்காகவே செய்யும் பழக்கம் அப்பிள்ளைக்கு என்றைக்குமே வாராது போகலாம். இழப்பது பொம்மையை அன்று, அந்தப் பழக்கத்தையே. "காட்டு பார்ப்போம்" என்று அருகே அமர்ந்து ஐந்து நிமிடம் பார்ப்பது ஆயிரம் கண்டிப்பைவிட மேலானது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பதையும் மறக்கலாகாது. பரீட்சைக் களைப்பிலோ காய்ச்சலுக்குப் பின்னரோ மனம் வராவிட்டால், வேண்டியது ஓய்வுதான். வர்ணத்தில் மட்டுமன்றி, உணவிலும் உறக்கத்திலும் நட்பிலும் விருப்பமற்றுப் பல நாட்கள் ஒருவர் வாடியிருப்பாரானால், அது பொழுதுபோக்கின் சங்கதியன்று. அதை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லி, வைத்தியரின் உதவியைப் பெறுவதே முறை. அதிலே வெட்கத்துக்கு இடமில்லை.

மற்றவர்கள் மனத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். இன்று மாலை விளக்கேற்றியபின் ஒரு கோப்பைத் தண்ணீரும், ஒரு தூரிகையும், ஒரே ஓர் உருவமும் எடுத்து வையுங்கள். காலணியிலிருந்து தொடங்குங்கள்.