கழுத்திலிருந்து எழும் தலைவலி

“நிமிர்ந்து உட்காருங்கள், தலைவலி தீரும்” என்னும் புத்திமதி காரியாலயங்களில் இப்பொழுது தாராளமாக வழங்கப்படுகிறது. வழங்குவோர் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் அவர்கள் சொல்லும் அளவுக்கு விஞ்ஞானம் உறுதி கூறவில்லை.

கழுத்தின் கோளாறு தலையில் வலியாகத் தோன்றக்கூடும் என்பதில் ஐயமில்லை. கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும், முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பும் தண்டுவடத்தின் மேற்பகுதியில் ஒரே நரம்பணுத் தொகுதியில் வந்து கூடுகின்றன. ஆகவே கழுத்து மூட்டிலிருந்து புறப்பட்ட வலியை மூளை, நெற்றியிலோ கண்ணுக்குப் பின்னாலோ உண்டானதாகக் கொள்கிறது. நார்வே நாட்டு நரம்பியல் அறிஞர் ஓட்டார் ஷோஸ்டாட் தம் குழுவினருடன் 1983-ல் இந்நோய்க்குத் தனிப்பெயர் சூட்டினார்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இங்கே ஒன்று குறிப்பிட வேண்டும். மைக்ரேன் என்பதை நாம் ‘ஒற்றைத் தலைவலி’ என்கிறோம். அதுவோ பக்கம் மாறியும் வரும், இருபுறமும் வரும். பெரும்பாலும் ஒரே பக்கத்தை விடாது பற்றி நிற்பது கழுத்துவழித் தலைவலியே. பெயரை நம்பி நோயாளி தாமாகவே நோயை முடிவு செய்து, மாத்திரையும் வாங்கி விழுங்குகிறார். சாதாரண வலிநீக்கி மாத்திரைகளையும் மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டு வந்தால் அவையே புதிய தலைவலியை உண்டாக்கவல்லவை.

தலையின் நிலைக்கு வருவோம். கழுத்தின் ஏழாவது எலும்பின் முனையிலிருந்து கிடைக்கோடு ஒன்றும், செவித்துளைக்கு முன்னுள்ள சிறு மடலுக்கு மற்றொரு கோடும் வரைந்து இடைக்கோணத்தை அளப்பர். கோணம் சிறுத்தால் தலை முன்னே நீண்டிருக்கிறது என்பது பொருள். சில ஆய்வுகளில் நோயாளரின் கோணம் சிறுத்துள்ளது. வேறு சிலவற்றில் வேறுபாடே இல்லை. ஆஸ்திரேலியாவில் பதினேழு வயதினர் 1,108 பேரை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்ட முடிவில், அமரும் நிலைக்கும் கழுத்துவலிக்கும் தலைவலிக்கும் தொடர்பு காணப்படவில்லை. கைத்தொலைபேசி தோன்றுமுன்பே நம் கணக்குப்பிள்ளைகள் சாய்வு மேசைமீது நாள் முழுதும் குனிந்துதான் எழுதினார்கள்.

இதைவிடப் பயனுள்ள சோதனைகள் உண்டு. கழுத்தை முழுதும் முன்வளைத்து முகத்தைத் திருப்பினால், நலமுள்ளவர்க்குப் பக்கத்திற்குச் சுமார் 44 பாகை திரும்பும். இந்நோயினர்க்கு அது மிகக் குறையும். மற்றொன்று அழுத்தமானி. தசையின்மீது மெல்ல மெல்ல அழுத்தி, அழுத்தம் வலியாக மாறும் அளவைக் குறிப்பர். கழுத்தில் மட்டும் அவ்வளவு குறைந்திருந்தால் கோளாறு அங்கே என்று கருதலாம். முழங்காலுக்குக் கீழுள்ள தசையிலும் குறைந்திருந்தாலோ, நரம்பு மண்டலமே வலிக்கு மிகையாக இணங்கிவிட்டது எனக் கொள்ளவேண்டும். அத்தகையவரை நிமிர்ந்து உட்காரச் சொல்லி என்ன பயன்?

சிகிச்சை இல்லாமலில்லை. 2002-ல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில் 200 நோயாளர் பங்குகொண்டனர். கழுத்தின் உட்தசைகளுக்கும் தோள்பட்டைக்கும் மென்மையான பயிற்சியளித்த பிரிவிலும், மூட்டுகளைக் கையால் இயக்கிய பிரிவிலும் தலைவலி குறைந்தது; ஓராண்டுக்குப் பின்னும் அப்பலன் நிலைத்தது. இயன்முறை மருத்துவர் ஒருவரும் ஒரு கட்டிலும் இதற்குப் போதும். காரியாலயங்களில் தொங்கவிடப்படும் நிமிர்ந்த மனிதனின் சித்திரத்திற்குச் செலவிடுவதை இப்பயிற்சியைக் கற்பிக்கச் செலவிடலாம் என்பது என் யோசனை. திடீரெனத் தாக்கும் கடுந்தலைவலியோ, காய்ச்சலோ கைகால் தளர்ச்சியோ சேர்ந்த தலைவலியோ இவ்விவாதத்தில் அடங்காது. அதற்கு அன்றே மருத்துவமனை செல்லவேண்டும்.