‘ப்ரோ’ என்று கூப்பிட்டால் போதுமா?

பழைய பேஸ் கிடார் விற்கிறவர்களிடம் மூன்றே மூன்று மந்திரங்கள்தான். ஒன்று, ‘மின்ட் கண்டிஷன்’. இரண்டு, ‘ரொம்ப யூஸ் பண்ணலை’. மூன்று, ‘ப்ரோ’. முதல் இரண்டும் பொய்யாக இருந்தால்கூட வியாபாரம் என்று விட்டுவிடலாம். மூன்றாவது பொய்யாக இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பேஸ் கிடார் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ராஜா பாட்டை நல்ல ஸ்பீக்கரில் கேட்கும்போது, குரலுக்கும் வயலின்களுக்கும் கீழே தனியாக ஒன்று நடந்துகொண்டே இருக்குமே, அதுதான். நான்கு தடித்த கம்பிகள். வாசிக்கிறவரை மேடையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர் நிறுத்திவிட்டால் மட்டும் எல்லோருக்கும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

சர்ச் இசைக் குழு, கல்லூரி கல்ச்சுரல்ஸ், சனிக்கிழமை மட்டும் உயிர்பெறும் ஐ.டி. கம்பெனி பேண்ட் என்று எங்கே போனாலும் கிடார் வாசிக்க நாலு பேர் நிற்பார்கள். பேஸுக்கு ஆள் கிடைக்காது. கடைசியில் ஒரு பையனைப் பிடித்து, “நீ பேஸ் வாசி” என்பார்கள். அவன் எங்கே போவான் கிடாருக்கு?

கடை இல்லாமல் இல்லை. சென்னையில் இசைக் கருவி விற்பது பரம்பரைத் தொழில். அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் 1842-ல் தொடங்கியது. ஆனால் புது பேஸ் வாங்கினால் அதோடு செலவு முடிவதில்லை. ஆம்ப்ளிஃபயர் தனியாக வேண்டும். சாதாரண கிடார் ஆம்ப்ளிஃபயரில் சத்தமாக வைத்து பேஸை வாசித்தால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும். கம்பி ஒரு செட் மாற்றவே ஆயிரம் ரூபாய்க்கு மேல். பையன் கணக்குப் போட்டுப் பார்க்கிறான். பழசுதான் வழி.

பழசு வாங்குவதில் அவமானம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அதுதான் புத்திசாலித்தனம். செல்போன் மூன்று வருஷத்தில் கிழவனாகிவிடும். பேஸ் கிடார் அப்படி இல்லை. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் வடிவத்தைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க காப்பியடித்து வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒழுங்காக வைத்திருந்த பேஸ் கை மாறினாலும் பாடும். அதனால்தான் இந்தப் பழைய பேஸ் சந்தை நேர்மையாக இருக்க வேண்டியது முக்கியம். புதிதாக வருகிறவனுக்கு வாசலே அதுதான்.

அந்த வாசலில் நடப்பதைப் பாருங்கள்.

கிடாரின் கழுத்துக்குள் ‘ட்ரஸ் ராடு’ என்று ஒரு இரும்புக் கம்பி உண்டு. வெளியே நான்கு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70, 80 கிலோ பாரத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பில் கழுத்து வில்லாக வளைந்துவிடாமல் ராடு தாங்கும். நம் ஊர் ஈரக்காற்று, அப்புறம் ஏ.சி. அறை, மறுபடி ஈரக்காற்று என்று மாறும்போது மரம் அசையத்தான் செய்யும். சின்ன வளைவு என்றால் ஒரு ஆலன் கீ போதும், திருகிச் சரிசெய்துவிடலாம். ஆனால் ராடை முழுக்கத் திருகியாகிவிட்டது, இனி திருக இடமே இல்லை என்றால்? கழுத்தே பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டது என்றால்? அதைச் சரிசெய்யும் செலவில் பாதிக் கிடார் வாங்கலாம்.

இது விற்கிறவருக்குத் தெரியும். நான்கு வருஷம் அதோடு மல்லுக்கட்டியவர் அவர்தானே! அதனால்தான் விற்கிறார். வாங்க வருகிற பையனுக்குத் தெரியாது. அவன் நிறத்தைப் பார்க்கிறான். தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்க்கிறான். “சூப்பர் ப்ரோ” என்கிறான். பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போகிறான்.

வீட்டில் என்ன நடக்கும்? கழுத்து வளைந்திருப்பதால் கம்பி உயரமாக நிற்கும். அழுத்தினால் விரல் எரியும். வலிக்கிறதே என்று உயரத்தைக் குறைத்தால் ‘கிர்ர்...’ என்று இரையும். வீணையில் மெட்டு என்போமே, கிடாரில் அது ஃப்ரெட். அது தேய்ந்திருந்தால் ஒரு இடத்தில் சுரம் சரியாகவும் இன்னொரு இடத்தில் பிசகியும் பேசும். பையன் கிடாரைச் சந்தேகப்பட மாட்டான். தன்னைச் சந்தேகப்படுவான். “நமக்கு வரலை போலிருக்கு” என்பான். ஆறு மாசத்தில் கிடார் கட்டிலுக்கு அடியில் போகும். “அப்பவே சொன்னேன்” என்பார் அப்பா.

அப்புறம் அவனும் விற்பான். ‘ரொம்ப யூஸ் பண்ணலை ப்ரோ’ என்பான். கஷ்டகாலம், அது மட்டும் நிஜம்!

நஷ்டம் எட்டாயிரமோ பத்தாயிரமோ அல்ல. ஒரு வாசிப்பாளன் போய்விட்டான். அந்தக் கணக்கு எந்த பேரேட்டிலும் வராது.

இதைக் கேட்டால் விற்கிறவர்கள் சொல்கிற பதில் தயாராக இருக்கிறது. “வாங்குறவன் பார்த்து வாங்கணும் சார்.” பழைய மூர் மார்க்கெட் வேதாந்தம் இது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. இந்த வேதாந்தம் மட்டும் எரியவில்லை.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே விலைதான் ரகசியம். மாடு வெளிச்சத்தில் நிற்கும். பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம், பால் கறந்தும் பார்க்கலாம். நம் கிடார் சந்தையில் தலைகீழ். விலையைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். மாடு துண்டுக்கு அடியில் இருக்கிறது.

‘பார்த்து வாங்கு’ என்பது சட்டப்படி சரிதானே என்று கேட்பீர்கள். பி.காம். படித்தவர்களுக்கு ஒரு குதிரை ஞாபகம் வரும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. மோசடி என்றால் என்ன என்று சொல்கிற 17-வது பிரிவில், உதாரணத்துக்கு ஒரு குதிரையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். குதிரைக்குக் குறை இருப்பது அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். சும்மா இருப்பது மோசடி ஆகாது.

நம் ஆட்கள் இதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த உதாரணத்தையும் படிக்க வேண்டும். அதே குதிரையை வாங்குவது விற்பவரின் சொந்த மகள், அப்போதுதான் மேஜரானவள் என்றால்? அப்போது உறவு குறுக்கே வருகிறது. குறையைச் சொல்லியே தீரவேண்டிய கடமை அப்பாவுக்கு உண்டு.

என் கட்சி இதுதான். முன்பின் தெரியாதவரிடம் விற்கிறீர்களா? முதல் உதாரணத்தில் ஒளிந்துகொள்ளுங்கள், கோர்ட்டு உங்களை ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் ‘ப்ரோ’ என்று தோளில் கை போட்டு, ‘நம்ம மியூசிஷியன்ஸுக்குள்ள என்ன’ என்று உறவு கொண்டாடி விற்றால், நீங்களே உங்களை இரண்டாவது உதாரணத்துக்கு நகர்த்திக்கொள்கிறீர்கள். சட்டம் கேட்காவிட்டாலும் அந்த உறவு கேட்கும். ‘ப்ரோ’ என்றால் தம்பி. தம்பியிடம் நொண்டிக் குதிரையை விற்கிறவனை ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது உதாரணமும் இருக்கிறது. இது வாங்குகிறவர்களுக்கு. ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்’ என்று வாங்குகிறவர் சொல்கிறார். விற்கிறவர் மௌனம். அங்கே மௌனமே பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம். ஆகவே தம்பிகளே, பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மெசேஜ் தட்டுங்கள். ‘கழுத்து நேராக இருக்கிறது, ட்ரஸ் ராடு வேலை செய்கிறது, பாகங்கள் ஒரிஜினல் என்று நம்பி வாங்குகிறேன். இல்லையென்றால் சொல்லுங்கள்.’ காசில்லாத இன்ஷூரன்ஸ் இது.

ஏமாற்றுகிறவர்கள் நினைப்பது போல இது புத்திசாலித்தனமும் அல்ல. ஜார்ஜ் ஆகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பின. நாலாவது பத்திரிகை போட்டது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு வந்தபோது பேசப்பட்டது அந்தக் கட்டுரைதான். விஷயம் எளிமையானது. எது நல்ல கார், எது டப்பா கார் என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், எல்லாக் காருக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவர், ‘இந்த விலைக்கா?’ என்று விற்காமல் போய்விடுவார். சந்தையில் டப்பா மிஞ்சும். விலை இன்னும் இறங்கும்.

காரை எடுத்துவிட்டுக் கிடாரைப் போட்டுப் படியுங்கள். இன்றைக்கு உங்கள் நல்ல பேஸுக்கு எவனோ பாதி விலை கேட்கிறான் என்று கோபப்படுகிறீர்களே, அவன் நேற்று உங்கள் ஜாதிக்காரர் ஒருவரிடம், அதாவது விற்பனை ஜாதி, சூடு பட்டவன்.

அடுத்து விலை. 20,000 ரூபாய்க்கு வாங்கினேன், பிக்கப் மாற்ற 6,000, பை 1,500, ஆக 27,500. ஏதோ உங்களுக்காக 25,000 என்கிறார்கள். பிக்கப் மாற்றியது உங்கள் ஆசை. உங்கள் ஆசைக்கு அடுத்தவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? வருஷத்துக்கு இருபது சதவிகிதம் தேய்மானம் போட்டால் 20,000 ரூபாய் கிடார் நாலாவது வருஷ முடிவில் 8,192 ரூபாய். கிடார் அவ்வளவு வேகமாகத் தேயாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளரவும் வளராதே!

‘விண்டேஜ் ப்ரோ’ என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை 1965-ல் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முந்தைய கிடார்களுக்கு உலகத்தில் தனி விலை உண்டு, வாஸ்தவம். அதற்காக 2009-ல் லட்சக்கணக்கில் தயாரானதில் ஒன்று விண்டேஜ் ஆகிவிடாது. அதன் பெயர் பழசு. இன்னொருத்தர், ‘ஜேமர்சன் கம்பியே மாத்த மாட்டாராம்’ என்று சொல்லித் துருப்பிடித்த கம்பியோடு விற்கிறார். மோட்டவுன் பாட்டுகளுக்கு உயிர் கொடுத்த ஜேம்ஸ் ஜேமர்சன் அந்தக் கம்பியில் வாசித்தார். விற்கவில்லை.

விலை குறைந்த கிடாரின் தலையில் ‘ஃபெண்டர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற ஆசாமிகளும் உண்டு. இந்தக் கிடார்களில் கழுத்தும் உடம்பும் நாலு திருகாணியில்தான் சேர்ந்திருக்கின்றன. ரிப்பேருக்கு அது வசதி. திருட்டுக் கலப்படத்துக்கும் அதே வசதி. சீரியல் நம்பர் கழுத்தில் இருந்தால், அது கழுத்துக்கு மட்டும்தான் சாட்சி.

திருட்டு என்றதும் ஒன்று. பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972-ல் லண்டனில் திருடு போனது. ஒரு வீட்டுப் பரணில் கிடந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து அவரிடமே திரும்பி வந்த சேதி 2024-ல் வெளியானது. பரணில் எத்தனை வருஷம் இருந்தாலும் அது அவர் கிடார்தான். நம் ஊர் 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டமும் பொதுவாக அதையேதான் சொல்கிறது. விற்கிறவனுக்கு இல்லாத உரிமை வாங்குகிறவனுக்குப் போகாது. பில் இல்லை, பழைய போட்டோ இல்லை, யாரிடம் வாங்கியது என்று கேட்டால் முழிக்கிறார் என்றால், நடையைக் கட்டுங்கள்.

வாங்குகிறவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. பத்தாயிரம் என்றால் மூவாயிரம் கேட்பது, ‘நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்’ என்று ஒரு வாரம் இழுத்துவிட்டு போனை எடுக்காமல் இருப்பது, ஒரு மணி நேரம் வாசித்துக் கச்சேரி பண்ணிவிட்டு ‘யோசிச்சு சொல்றேன்’ என்று கிளம்புவது... இதெல்லாமும் பொய்தான். ஆனால் இரண்டு பொய்யும் ஒரே எடை அல்ல. ஒன்றில் விற்கிறவருக்கு ஒரு சாயங்காலம் வீண். இன்னொன்றில் ஒருத்தன் சங்கீதத்தையே விட்டுவிடுகிறான்.

“என்னையும் இப்படித்தான் சார் ஏமாத்தினாங்க. நான் யார் தலையில கட்டுறது?” என்று கேட்கிறவரிடம் எனக்கு அனுதாபம் உண்டு. கள்ள நோட்டு கைக்கு வந்தால் அடுத்தவர் கையில் தள்ளிவிடுவது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். கள்ளக் கிடாருக்கும் அதே நியாயம்தான். யாராவது ஒருவர் தன்னோடு நிறுத்தினால்தான் அது நிற்கும்.

பெரிய காரியம் எதுவும் வேண்டாம். விளம்பரத்தின் முதல் வரியில் குறையை எழுதுங்கள். ‘ஏழாவது ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது, வால்யூம் குமிழ் கரகரக்கிறது, ஜாக் லூஸ்.’ குமிழும் ஜாக்கும் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாயில் கிடைக்கும், அதையும் எழுதுங்கள். கழுத்தை நீளவாக்கில் போட்டோ எடுத்துப் போடுங்கள். ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்துப் பார்க்க விடுங்கள். வருகிற பையனுக்கு வாசிக்கத் தெரியாதென்றால், தெரிந்த ஒருவரை அழைத்துவரச் சொல்லுங்கள். விலை ஆயிரம் ரூபாய் குறையும். குறையட்டும். அந்த ஆயிரம் உங்களுடையது அல்ல.

இதெல்லாம் நம்மால் ஆகாது என்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அந்தப் பையனை ‘ப்ரோ’ என்று கூப்பிடாதீர்கள். ‘சார்’ என்று கூப்பிடுங்கள். அவன் உஷாராகிவிடுவான்.