கருவி எச்சரிக்கும், கதவைத் தட்டுவது யார்? முதியோர் வீடுகளில் ஸ்மார்ட் கண்காணிப்பு

புதுடெல்லி: தனியாக வசிக்கும் தாய் காலை 8 மணி வரை படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை என்றால், வெளிநாட்டில் இருக்கும் மகனின் கைபேசிக்கு ஓர் எச்சரிக்கை செல்கிறது. கதவிலும் சுவரிலும் பொருத்தப்பட்ட சிறிய சென்சார்கள் அதை அனுப்புகின்றன. பணக்கார நாடுகளின் வசதி என்று கருதப்பட்ட இந்த ஏற்பாடு இந்திய நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. எச்சரிக்கை வந்த பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்டப்போவது யார் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் தெளிவான விடை இல்லை.

தேவை உண்மையானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.38 கோடி பேர். 2050-இல் இந்தியர்களில் ஐந்தில் ஒருவர் இந்த வயதினராக இருப்பார் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கணிக்கிறது. 2017-18இல் நடத்தப்பட்ட தேசிய முதுமை ஆய்வில், முதியோரில் சுமார் 6 சதவீதம் பேர் தனியாகவும், சுமார் 20 சதவீதம் பேர் கணவன் அல்லது மனைவியுடன் மட்டும் வாழ்வதாகவும் தெரியவந்தது. பிள்ளைகள் பெருமளவில் வெளிநாடு சென்றுள்ள கேரளத்தில் முதியோர் விகிதம் 2011-லேயே 12.6 சதவீதத்தை எட்டியிருந்தது. அப்போது தேசிய சராசரி 8.6 சதவீதம்.

கீழே விழுவது இவர்களுக்குள்ள பெரிய ஆபத்துகளில் ஒன்று. உலகில் ஆண்டுதோறும் சுமார் 6.84 லட்சம் பேர் தவறி விழுந்து உயிரிழப்பதாகவும், அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குறைந்த மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

கெண்டியில் தொடங்கியது

இந்தத் தொழில்நுட்பத்தின் தொடக்கம் மிக எளிமையானது. ஜப்பானின் சோஜிருஷி நிறுவனம் 2001-இல் ஒரு மின்சார வெந்நீர்க் கெண்டியை அறிமுகப்படுத்தியது. தேநீருக்காக முதியவர் அதைப் பயன்படுத்தும்போதெல்லாம் அந்தத் தகவல் பதிவாகி, தொலைவில் உள்ள குடும்பத்தினருக்குச் சென்றது. கேமராவும் இல்லை, ஒலிப்பதிவும் இல்லை. கெண்டி பயன்பாட்டில் இருக்கிறது என்றால் வீட்டில் உள்ளவர் நடமாடுகிறார் என்று பொருள்.

இன்றைய கருவிகள் இதைவிடப் பன்மடங்கு அறிந்துகொள்கின்றன. அணிந்திருப்பவர் விழுந்தால் அதை உணரும் வசதி ஆப்பிள் கைக்கடிகாரத்தில் 2018-இல் வந்தது. உடலில் எதையும் அணியாமலேயே, அறையில் பரவும் ரேடியோ அலைகளின் மாற்றத்தைக் கொண்டு மூச்சின் வேகத்தைக் கணக்கிடவும் முடிகிறது. உறக்கத்தில் மூச்சு விடும் விதத்திலிருந்து பார்க்கின்சன் நோயின் அறிகுறிகளை இம்முறையில் கண்டறியலாம் என்று அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2022-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் எழுதினர்.

ஆய்வகத்தில் காணும் துல்லியம் வீட்டிலும் கிடைக்குமா என்பது வேறு விஷயம். கரோனா இரண்டாம் அலையின்போது பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்தியக் குடும்பங்களின் அவசியப் பொருளானது. அதன் விலை எகிறியதால், 2021 ஜூலையில் விற்பனை லாப வரம்பை 70 சதவீதமாக அரசு கட்டுப்படுத்த நேர்ந்தது. ஆனால் கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை இக்கருவிகள் கவனிக்கத் தவறுவது, வெள்ளையரோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2020 டிசம்பரிலேயே காட்டியிருந்தது. தோலின் நிறம் அளவீட்டைப் பாதிக்கலாம் என்பது பலவகை நிறத்தினர் வாழும் இந்தியா கவனிக்க வேண்டிய செய்தி. அதே ஒளி அளவீட்டு முறையைத்தான் ஸ்மார்ட் கடிகாரங்களும் பயன்படுத்துகின்றன.

இரவு 2 மணிக்கு யாரை அழைப்பது?

அளவீடு சரியாகவே இருக்கட்டும். பக்கவாதத்துக்கு ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். ஐரோப்பாவில் இருக்கும் மகன் பதற்றத்தில் 112-ஐ அழுத்தினால் அழைப்பு அந்த நாட்டின் அவசர சேவைக்கே செல்லும். தாயின் ஊருக்கு அல்ல. மூத்த குடிமக்களுக்கான 14567 தேசிய உதவி எண் காலை 8 முதல் இரவு 8 மணி வரையே இயங்குகிறது. தகவலும் ஆலோசனையும் ஆறுதலும் வழங்குவதும், கைவிடப்பட்ட, துன்புறுத்தப்படும் முதியோருக்கு உதவுவதுமே அதன் பணி. ஆம்புலன்ஸ் அனுப்புவது அல்ல. ஆக, நடைமுறையில் எச்சரிக்கைக்குப் பதில் சொல்பவர் பக்கத்து வீட்டுக்காரரோ குடியிருப்பின் காவலாளியோதான். சென்சார் பொருத்தும் செலவில் அவர்களுக்கு ஒரு மாற்றுச் சாவி கொடுத்து வைக்கும் யோசனை சேர்வதில்லை.

சட்டத்தில் இதற்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் கீழ் பல மாநிலங்கள் வகுத்த விதிகள், ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லைக்குள் தனியாக வாழும் முதியோரின் பட்டியலைப் பராமரிக்க வேண்டும் என்றும், மாதம் ஒருமுறையாவது அவர்களைச் சந்திக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. அந்தப் பட்டியலையும் வீட்டு எச்சரிக்கைக் கருவிகளையும் இணைப்பது தொழில்நுட்பரீதியாகக் கடினமல்ல. 2008-இல் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்த கேரளம், உள்ளூர்த் தன்னார்வலர்களையும் செவிலியரையும் நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பும் அமைப்பை உருவாக்கிக் காட்டியிருக்கிறது. அங்கே முதலில் வந்தது மனிதர்களின் வலைப்பின்னல்.

நிறுவனங்களை மட்டும் நம்புவதிலும் சிக்கல் உண்டு. முதியோரை அவசர உதவியுடன் இணைக்க அமேசான் அமெரிக்காவில் 2021 இறுதியில் தொடங்கிய ‘அலெக்சா டுகெதர்’ சேவை, 2024 ஜூனில் நிறுத்தப்பட்டது. மாதக் கட்டணம் செலுத்தி வந்த குடும்பங்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஒப்புதல் யாருடையது?

இந்தக் கருவிகள் திரட்டும் தரவு, ஒருவர் எப்போது உறங்கினார், இரவில் எத்தனை முறை கழிவறைக்குச் சென்றார் என்பது வரை நீளும். 2011-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நலத் தகவலை நுண்ணுணர்வுத் தரவு என்று தனியே வகைப்படுத்தின. 2023-இன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வேறுபாடு இல்லை. எல்லாத் தனிநபர் தரவும் ஒன்றே. பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின; நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின்பே நடைமுறைக்கு வரும்.

நினைவாற்றல் குன்றியவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். கண்காணிப்பு அதிகம் தேவைப்படுபவர்கள் அவர்களே. எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்பதை முழுதாகப் புரிந்துகொள்ள இயலாதவர்களும் அவர்களே. சட்டப்படியான பாதுகாவலர் அவர்கள் சார்பில் முடிவெடுக்கச் சட்டம் வழி செய்கிறது. முறைப்படி அத்தகைய பாதுகாவலரை நியமித்துக்கொள்ளும் குடும்பங்கள் அரிது. செயலியில் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்துவது கருவியை வாங்கிய மகனோ மகளோதான்.

இதைவிட அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று அச்சட்டத்தில் உள்ளது. தனிப்பட்ட அல்லது வீட்டு நோக்கத்துக்காக ஒரு தனிநபர் தரவைக் கையாண்டால் சட்டம் அவருக்குப் பொருந்தாது. நட்பு, உறவு சார்ந்த அன்றாட விஷயங்களில் அரசு தலையிடாதிருக்க இந்த விலக்கு நியாயமானதே. அதன் விளைவாக, படுக்கையறையில் கேமரா வேண்டாம் என்று நினைக்கும் தாய், அந்தப் பதிவை வைத்திருக்கும் நிறுவனத்தின் மீது தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் முறையிட முடியும். அதைப் பொருத்திய மகனிடம் அவர் நேரில் சொல்லத்தான் வேண்டும்.