இடித்த சுவரும் ஓர் அமானிதமே



ரமலானுக்கு முந்தைய மாதங்களிலும், நிக்காஹ் தேதி குறிக்கப்பட்ட வீடுகளிலும் சுத்தியல் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். திருப்பூரில், காதர்பேட்டையிலும் பெரிய தோட்டத்திலும் காங்கயம் சாலையை ஒட்டிய சந்துகளிலும் இக்காட்சி நமக்குப் பழகியதே. கீழ்த்தளத்தில் பவர்டேபிள் ஓடும். மேல்தளத்தில் குடும்பம் வாழும். மகனுக்கு ஓர் அறை வேண்டும், வயதான தாயாருக்குக் கீழேயே ஒரு குளியலறை வேண்டும், இருபது ஆண்டுத் தரையை மாற்ற வேண்டும். இவை அனைத்தும் நியாயமான தேவைகள். அல்லாஹ் வசதி அளித்தால் வீட்டைச் செப்பனிடுவதில் குறை காண்பதற்கு ஏதுமில்லை.

ஆயினும், புதிய டைல்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று கடைகள் ஏறி இறங்கும் நாம், பெயர்த்தெடுத்த பழைய தரை எங்கே போகிறது என்று கேட்பதில்லை. மேஸ்திரி ஒரு வண்டியை வரவழைக்கிறார், நாம் பணம் கொடுக்கிறோம், வாசல் சுத்தமாகிறது. அத்துடன் நம் பொறுப்பு முடிந்ததாக எண்ணுகிறோம். அது முடியவில்லை, உரிய இடத்தைச் சேரும்வரை அந்த இடிபாடு நம் கையில் உள்ள அமானிதமே என்பதுதான் இக்கட்டுரையின் கருத்து.

இங்கிலாந்தில் வாழும் நம் உறவினர்கள் வீட்டைப் புதுப்பிக்கும்போது 'ஸ்கிப்' எனப்படும் பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்துகின்றனர். அதைப் பொதுச் சாலையில் வைப்பதற்கு அந்நாட்டின் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். இரவில் அதற்கு விளக்கு இருக்க வேண்டும். உரிமையாளரின் பெயரும் தொடர்பு விவரமும் அதன்மீது எழுதப்பட்டிருக்க வேண்டும். நம் ஊரில் அந்தத் தொட்டியின் வேலையை டிராக்டரும் டிப்பரும் 'சின்ன யானை' என்று நாம் அழைக்கும் சிறு வண்டியும் செய்கின்றன. அவற்றை அமர்த்தும்போதும் இதே பொறுப்புணர்வு வேண்டும்.

பாதையைப் பற்றி நம் மார்க்கம் சொல்வதை நாம் அறிவோம். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். பாதைக்கும் உரிமை உண்டு என்றும், பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பது அவ்வுரிமைகளுள் ஒன்று என்றும் கற்பித்தார்கள். இந்த ஹதீஸ்களை ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஃபிக்ஹ் நூல்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, இதனைச் சட்டப் பொறுப்பாகவே ஆக்கியுள்ளன. பாதையில் ஒருவர் வீசிய குப்பையாலோ தர்பூசணித் தோலாலோ இன்னொருவருக்குச் சேதம் ஏற்பட்டால், வீசியவரே ஈடு செய்ய வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில் எழுதுகிறார்கள். ஹனஃபீ நூலான 'ஹிதாயா'விலும் பாதையில் ஒருவர் உண்டாக்கும் இடையூறுகளைப் பற்றித் தனிப் பாடமே உள்ளது. பழத்தோலுக்கே இவ்வளவு என்றால், தெருவை அடைத்துக் கிடக்கும் அரை லோடு செங்கல் துண்டுகளுக்கும், இரவில் அதில் மோதி விழும் இரு சக்கர வண்டிக்காரருக்கும் யார் பதில் சொல்வது?

நாட்டுச் சட்டமும் இதையே கூறுகிறது. கட்டுமானம் மற்றும் இடிபாட்டுக் கழிவுகளுக்கெனத் தனி விதிகளை மத்திய அரசு 2016 மார்ச் 29 அன்று வெளியிட்டது. கழிவைச் சேர்த்து வைப்பதும் வகை பிரிப்பதும் அதை உண்டாக்கியவரின் பொறுப்பு என்றும், போக்குவரத்துக்கோ மக்களுக்கோ வடிகாலுக்கோ இடையூறாக அதைப் போடக் கூடாது என்றும் அவ்விதிகள் கூறின. ஒரே நாளில் 20 டன்னுக்கு மேல் கழிவு உண்டானால், வேலை தொடங்கும் முன்பே உள்ளாட்சி அமைப்பிடம் திட்டம் அளித்து ஒப்புதல் பெற வேண்டும் என்றும் விதித்தன. 20 டன் என்பது பெரிய நிறுவனங்களுக்கு உரிய அளவு என்று எண்ண வேண்டாம். பழைய வீட்டை ஜேசிபி வைத்து ஒரே நாளில் தரைமட்டமாக்கினால் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளுக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டது. பெரிய கட்டுமானங்களின் மீது அவை கூடுதல் கடமைகளைச் சுமத்துகின்றன. உண்டாக்கியவரே பொறுப்பாளி என்னும் அடிப்படையில் மாற்றம் இல்லை.

வண்டி அமர்த்துவதும் ஓர் 'இஜாரா' ஒப்பந்தமே. வேலை இன்னது, கூலி இவ்வளவு என்று இரு தரப்பும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 'லோடுக்கு இவ்வளவு' என்று மட்டும் பேசினால், லோடின் அளவு என்ன என்பதில் மாலையில் வாக்குவாதம் எழும். அளவைக் கணக்கிடுவது கடினமன்று. நம் ஊர்க் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. பத்தடி நீளமும் பத்தடி உயரமும் கொண்ட ஒன்பது அங்குலச் சுவர் 75 கன அடி. இடித்த பிறகு இடைவெளிகளால் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகி, ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். நாலரை அங்குலச் சுவர் எனில் அதில் பாதி. பத்துக்குப் பத்து அறையின் டைல்ஸைக் கீழுள்ள கலவையுடன் மூன்று அங்குலத்திற்குப் பெயர்த்தால் சுமார் 40 கன அடி சேரும்.

எடையையும் பார்க்க வேண்டும். ஒரு யூனிட் இடிபாடு மூன்று முதல் நான்கு டன் வரை எடை வரக்கூடும். சின்ன யானை தாங்குவது ஏறத்தாழ முக்கால் டன். எனவே ஒரு யூனிட்டுக்கு நான்கைந்து நடை தேவை. 'இரண்டே நடையில் முடித்துவிடு' என்று ஓட்டுநரை வற்புறுத்தினால், அவருடைய வண்டியையும் சாலையில் செல்வோரின் உயிரையும் நாம் பணயம் வைக்கிறோம். சந்து அகலமாக இருந்தால் டிராக்டரோ டிப்பரோ அமர்த்துவதே சிக்கனம். ஏற்றுக்கூலி வாடகையில் அடங்குமா, தனியா என்பதையும், மாடியிலிருந்து சுமந்து இறக்கும் தொழிலாளிக்கு எவ்வளவு என்பதையும் காலையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கப் பணிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

இவை அனைத்திற்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன், 'எங்கே கொட்டுவீர்கள்?' என்று கேட்க வேண்டும். 'அதைப் பற்றிக் கவலைப்படாதீங்க பாய், நாங்க பார்த்துக்கிறோம்' என்பது பதிலாகாது. மிகக் குறைந்த வாடகை கேட்கும் வண்டி பெரும்பாலும் மிக அருகிலுள்ள ஓடையைத்தான் தேடிச் செல்லும். தூரத்தில் உள்ள அனுமதிக்கப்பட்ட இடத்திற்குச் செல்ல டீசல் செலவாகும். அந்தச் செலவைக் கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர். நாம் மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாயை ஓடைக்கரையில் குடியிருக்கும் ஏழை தம் வீட்டுக்குள் புகும் தண்ணீராகச் செலுத்துகிறார். 2011 நவம்பரில் பெய்த பெருமழையில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் கரை மீறி உயிர்களைப் பறித்ததைத் திருப்பூர் மறக்கவில்லை. வெள்ளத்திற்குக் காரணங்கள் பல. நீர் செல்லும் வழியில் கொட்டப்படும் ஒவ்வொரு லோடும் அந்த வழியை இன்னும் குறுக்குகிறது என்பதில் மட்டும் ஐயமில்லை.

கழிவைக் கண்ணுக்கு மறைவாக அனுப்பிவிட்டால் அது ஒழிந்துவிடும் என்று எண்ணியதன் விலையை இந்த ஊர் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கிறது. சாயக்கழிவு நொய்யலில் ஓடியது. கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அங்குள்ள உழவர்களின் நிலமும் கிணறும் பாழாயின. இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டன. அப்போது வேலையின்றித் தவித்த குடும்பங்களில் நம் குடும்பங்களும் இருந்தன. சாயநீருக்குக் கற்ற பாடத்தைச் செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் இன்னொரு முறை கற்க வேண்டுமா?

இன்னொரு பாடத்தை இந்த ஊரே உலகுக்குக் கற்றுக்கொடுக்கும். பனியன் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட்டை யாரும் வீதியில் எறிவதில்லை. வெள்ளை தனி, கலர் தனி எனப் பிரித்துக் கிலோ கணக்கில் விற்கிறோம். அது மீண்டும் நூலாகிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கலந்தால் விலை விழும் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். இடிபாடும் அவ்வாறே. முழுச் செங்கற்களைச் சுரண்டி அடுக்கினால் வாங்க ஆள் உண்டு. கம்பி பழைய இரும்புக் கடைக்கும், கதவும் ஜன்னலும் பழைய மரக்கடைக்கும் போகும். கான்கிரீட்டை நொறுக்கிப் பெறும் ஜல்லியை, வலிமை அதிகம் தேவைப்படாத கான்கிரீட்டில் முழு அளவிலும், மற்றவற்றில் குறிப்பிட்ட விகிதம் வரையிலும் பயன்படுத்த இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383 தன் 2016 பதிப்பில் இடமளித்துள்ளது. வீண் விரயம் செய்வோரைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், பிரித்து வைப்பதற்கு ஆகும் அரை நாள் கூலி பெரிதாகத் தோன்றாது.

ஒரு பொருளை மட்டும் இந்தக் குவியலில் கலக்கவே கூடாது. பழைய லைன் வீடுகளிலும் ஒர்க் ஷாப்களிலும் கூரையாக உள்ள ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுகள் உடையும்போது பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலுக்குள் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்படலாம். அவற்றைத் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி, தடித்த பாலித்தீன் தாளில் சுற்றித் தனியே வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று மாநகராட்சியிடம் கேட்க வேண்டும். இறக்கும் தொழிலாளிக்குத் தரமான முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. குழந்தைகளை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

'வரி கட்டுகிறோம், இடம் ஏற்பாடு செய்வது மாநகராட்சியின் வேலை' என்று சிலர் கூறுவர். அது உண்மையே. வீட்டுக்காரர் கொண்டுசென்று சேர்க்கத்தக்க தூரத்தில் சேகரிப்பு மையங்கள் வேண்டும் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். பயனற்ற பாறைக்குழிகளில் குப்பை கொட்டுவதை எதிர்த்துச் சுற்றுவட்டார மக்கள் வீதிக்கு வந்து போராடிய ஊர் இது. ஆனால் மையம் தொலைவில் இருக்கிறது என்பது ஓடையில் கொட்டுவதற்கான ஃபத்வா ஆகிவிடாது. அடுத்தவர் கடமையில் தவறினார் என்பதால் நம் கடமை நம்மைவிட்டு நீங்குவதில்லை.

'பள்ளமான இடத்தை நிரப்பத்தானே கொட்டுகிறோம், அதுவும் உதவிதானே' என்போரும் உண்டு. நில உரிமையாளர் கேட்டு, அது நீர்வழியோ புறம்போக்கோ இல்லை என்று உறுதிசெய்து, பிளாஸ்டிக்கும் ஆஸ்பெஸ்டாஸும் பெயிண்ட் டப்பாவும் கலக்காத தூய செங்கல் இடிபாட்டைக் கொடுத்தால் அது உதவிதான். உரிமையாளர் அறியாமல் இரவில் கொட்டுவது அவருடைய ஹக்கில் கை வைப்பதாகும்.

இதில் ஒவ்வொரு வீடும் தனித்துப் போராட வேண்டியதில்லை. நம் மஹல்லா ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவையும் ஜக்காத் விநியோகத்தையும் சிறப்பாக நடத்துகின்றன. அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் கொட்டுவோம் என்று ஒப்புக்கொள்ளும் சில வண்டிக்காரர்களின் எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க ஒரு மணி நேரம் போதும். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் வேலை நடந்தால், சேர்ந்து ஒரு டிப்பரை அமர்த்தி வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது நிர்வாகமே முன்மாதிரியாக நடந்து, இடிபாடு எங்கே சேர்க்கப்பட்டது என்பதையும் வரவு செலவுக் கணக்குடன் சேர்த்து அறிவித்தால், வீடுகள் தாமே பின்பற்றும்.

வேலை தொடங்கும் முன் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் எந்த மதத்தவராயினும் அண்டை வீட்டாரின் உரிமை அவருக்கு உண்டு. குவியலை உங்கள் எல்லைக்குள்ளேயே வையுங்கள். இடமில்லை எனில் சாக்குகளில் கட்டி வைத்து அன்று மாலையே அனுப்பிவிடுங்கள். தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் மூடிய பின்னரே வண்டியைப் புறப்படச் சொல்லுங்கள். இயன்றால் வீட்டில் ஒருவர் முதல் நடையில் வண்டியுடன் சென்று, கொட்டும் இடத்தை நேரில் பார்த்து வரட்டும்.

புதிய வீட்டில் முதல் விருந்து வைக்கும் நாளில் பரக்கத்தை வேண்டித் துஆ செய்கிறோம். நம் வீட்டின் பழைய சுவர் யாருடைய பாதையையும் அடைக்கவில்லை, யாருடைய வாசலிலும் வெள்ளத்தை ஏற்றவில்லை என்ற நிம்மதியோடு அந்தத் துஆவுக்குக் கை ஏந்துவோமாக. நம் வீடுகளையும், நம்மால் பிறர் தொல்லையுறாத வாழ்வையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.